அக்கா வரைந்த இரண்டு முகங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப்பேருக்கு எங்கள் அக்காவைப் பற்றி ஒரு கதை தெரியும். அந்தக் கதை தவறு. அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் அதைத் திருத்தி எழுதிவிட வேண்டும் என்று கேட்டவர் சின்னக்கா. அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவர் அவர். கடைசியாகப் பிறந்தவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஆய்க்குடியில். அப்பா பிறர் வயலில் நெல் வேலை பார்த்தார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, சின்னக்காவுக்கு ஒன்பது, எனக்கு நான்கு. மறு வருடம் அக்கா தென்காசியில் ஒரு போர்டு எழுதும் கடைக்கு வேலைக்குப் போனார். முதலில் பிரஷ் கழுவும் வேலை. பிறகு மற்றவர்கள் கோடு இழுத்த எழுத்துக்குள் நிறம் நிரப்பும் வேலை. ஒருநாள் கடை அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒரு பழக்கடை போர்டில் இருந்த மாம்பழத்துக்கு அக்கா நிழல் வைத்துவிட்டார். அண்ணாச்சி திரும்பி வந்து கொஞ்ச நேரம் பார்த்தாராம்.

“யாருளா இதுல கை வச்சது?”

“நான்தான் அண்ணாச்சி. பழம் தட்டையா இருந்துச்சு.”

“நாளையில இருந்து நீ பிரஷ் கழுவாண்டாம். அத நான் கழுவிக்கிடுதேன்.”

அப்படித்தான் அக்கா படம் வரைகிறவர் ஆனார். அப்பாவும் போன பிறகு மூவரும் தென்காசியில் ஒற்றை அறைக்குக் குடிவந்தோம். அக்காவைப் பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் நகத்தில் இருந்த பெயிண்ட் கறையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை வருவதாகச் சொன்னவர்களிடம் அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சின்னக்காவைப் புளியங்குடியில் கட்டிக்கொடுத்தார். நான் கொல்லம், புனலூர் என்று பரோட்டாக் கடைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் சுற்றிக்கொண்டிருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் தங்கியதில்லை.

குற்றாலத்தில் லாட்ஜ்களின் வரவேற்பறையில் அருவிப் படம் வரையும் வேலை அக்காவுக்குத் தொடர்ந்து கிடைத்தது. சீசனில் ஊரே அருவிக்குப் போகும். அக்கா போக மாட்டார். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் நூலாகக்கூட வராத நாளில் ஒரு நோட்டும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். காலையிலிருந்து மத்தியானம் வரை வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா பாக்க? தண்ணியே இல்ல.”

“தண்ணி இருந்தா பாறைய எப்படிலே பாக்க? எங்கன மேடு, எங்கன குழின்னு தெரிஞ்சாத்தான தண்ணி எங்கன தெறிக்கும்னு தெரியும்.”

சுவரில் அவர் பாறையை மட்டுமே வரைவார். தண்ணீருக்கு வெள்ளை அடிக்க மாட்டார். சுவரின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவார். பாறை வரைந்து முடிந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். எப்படி என்று கேட்டால், “நான் ஒண்ணும் செய்யலலே, அத விட்டுட்டேன்” என்பார்.

குற்றாலத்துச் சித்திர சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் அக்கா அங்கே திருவாதிரைக்குப் போனார். சிலைக்கு இல்லாமல் சுவரில் எழுதிய சித்திரத்துக்குத் தீபாராதனை நடப்பதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசினாராம். யாரோ ஒருவர் நிறம் குழைத்து வரைந்தது, அதில் சாமி வந்து நிற்கிறது என்றால் படம் வெறும் படம் இல்லை என்பது அக்காவின் எண்ணம். இதை அவர் சாகும்வரை நம்பினார். பின்னால் அவரை அவ்வளவு வருடம் முடக்கிப்போட்டதும் இந்த நம்பிக்கைதான்.

எங்கள் அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. ஒரு கல்யாண வீட்டுப் படத்தில் நிற்கிறார். முன்னால் நின்ற ஒருவர் கையைத் தூக்கியதில் முகம் மறைந்துவிட்டது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மற்ற வீடுகளில் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். நாங்கள் வெறும் விளக்கை வைத்துக் கும்பிடுவோம். அம்மாவை வரைந்துவிட வேண்டும் என்பது அக்காவுக்கு நெடுநாள் ஆசை. ஏழெட்டு முறை வரைந்து கிழித்தார். கடைசியில் உறவினர்கள் எல்லோரும் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: சின்னக்கா அப்படியே அம்மா ஜாடை.

சின்னக்கா ஊருக்கு வந்திருந்த எட்டு நாளும் அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, ஹார்ட்போர்டில் வரைந்தார். அம்மாவின் மூக்குத்தி, அம்மாவின் கொண்டை, அம்மா கடைசியாகக் கட்டியிருந்த பச்சைச் சேலை எல்லாம் வைத்தார். ஆடி அமாவாசையன்று மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றினோம். வந்தவர்கள் அழுதார்கள். “எந் தம்பி பொண்டாட்டிய அப்படியே கொண்டுவந்துட்டாளே” என்று அத்தை அக்காவைக் கட்டிக்கொண்டார். எனக்கு அம்மா முகம் நினைவில்லை. ஆகவே அன்று முதல் அதுதான் எனக்கு அம்மா.

வாசுதேவநல்லூரில் இருக்கும் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, அன்றைக்கு வர முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார். அப்போது சின்னக்காவும் ஐந்து மாதக் கர்ப்பமாக வீட்டில் இருந்தார். உள்ளே வந்த சித்தி படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏட்டி, இது யாரு?”

“அம்மா, சித்தி” என்றார் அக்கா.

“எங்க அக்காள எனக்குத் தெரியாதா? இது நம்ம சின்னவள்லா. உசிரோட இருக்கவளுக்கா மாலை போட்டு வெளக்கேத்தி வச்சிருக்கிய?”

சித்தி மேல் குற்றம் இல்லை. கண்டதைச் சொன்னார். அவர் சொன்ன பிறகு எங்கள் எல்லோருக்கும் அது சின்னக்காவாகவே தெரிந்தது. அக்கா மாலையைக் கழற்றிக் கால்வாயில் விட்டார். படத்தை இறக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

ஏழாம் மாதத்தில் சின்னக்காவின் குழந்தை தங்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த கதை. உயிரோடு இருந்த தங்கைக்கு மாலை போட்டவள், அதனால்தான் பிள்ளை போயிற்று என்று பேசினார்கள். புளியங்குடி வீட்டில், இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னக்கா வரவில்லை. பிறகு அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. காதுகுத்துக்கும் அக்காவுக்கு அழைப்பு இல்லை. நானும் ஒன்றும் நல்லவன் இல்லை. கொல்லத்திலிருந்து வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, “நீ ஏன்க்கா அவள வச்சு வரைஞ்ச?” என்று கேட்டேன். அக்கா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

அம்மா என்று வரைந்த அந்த ஹார்ட்போர்டின் மேல் ஐந்தருவிப் பாறையை வரைந்து ஒரு லாட்ஜுக்குக் கொடுத்துவிட்டார். பதினான்கு வருடம் மனித முகம் வரையவில்லை. தலைவர்கள் படம், சாமி படம் என்று எது கேட்டாலும் மாட்டேன் என்றுவிடுவார். நல்ல வேலைகள் அதனால் போயின. அவருடைய அருவிகளில் குளிக்கிற ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஒரு லாட்ஜ் மேனேஜர் குறைபட்டுக்கொண்டார்.

“என்னம்மா, சீசன்ல அங்கன கால் வைக்க எடம் கெடையாது. உன் படத்துல ஈ காக்கா இல்லியே?”

“ஆள் வேணும்னா நீங்க போயி முன்னால நில்லுங்க அண்ணாச்சி.”

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் படங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித் தோன்றியது உண்டு. அவ்வளவு தண்ணீர் விழும். நனைய ஒருவரும் இருக்க மாட்டார்கள். அக்கா யாரிடமும் சொல்லாததை அந்தச் சுவர்களில்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது.

பிறகு வயிற்றில் புற்றுநோய் வந்தது. திருநெல்வேலியில் பார்த்தோம். முற்றிவிட்டது என்றார்கள். நான் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு பையோடு சின்னக்கா வாசலில் நின்றார்.

“வந்துட்டியாட்டி” என்றார் அக்கா.

“ஒன்னயப் பாக்க ஒண்ணும் வரல. தென்காசியில ஒரு வேல இருந்துச்சு.”

அந்த வேலை நான்கு மாதம் நீடித்தது. குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் சின்னக்காதான். புளியங்குடியிலிருந்து சின்னக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், போன் செய்து, “எப்ப வருத?” என்று கேட்டபோது, “முடிஞ்சதும் வருதேன்” என்று வைத்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் சின்னக்கா அந்தப் பழைய ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.

“அக்கா, என்னய வரை.”

“ஆள் வரையுத கை போயிட்டுட்டி.”

“கை போகல. நீதான் ஒளிச்சு வச்சிருக்க.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. “எனக்கு நாள் எண்ணியாச்சு. ஒனக்கும் ஏதாவது ஆகணுமா? ஒருதடவ ஆனது காணாதா?”

அப்போதுதான் சின்னக்கா சொன்னார். இதை எழுதத்தான் என்னைக் கேட்டிருக்கிறார். ஆகவே அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அது ஒன் படத்தால ஆகலக்கா. எனக்கு பிரஷர் ஏறி இருந்துச்சு. மூணாம் மாசமே டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு வாரம் போட்டுட்டு நிறுத்திட்டேன். புள்ள போன அன்னைக்கு டாக்டரம்மா என்னயத்தான் ஏசுனாங்க. மாமியாருக்கு முன்னால அதச் சொல்லப் பயந்துட்டேன். எல்லாரும் மாலை மாலைன்னாங்க. நானும் வாய மூடிட்டு இருந்துட்டேன். நாளாவ நாளாவ ஒன் மொகத்துல முழிக்க முடியல.”

நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். பிறகு அக்கா என்னிடம் திரும்பி, “ஏலே, மேல பரண்ல ஒரு ஹார்ட்போர்டு கெடக்கும். எடு” என்றார்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு அரைமணி நேரம் உட்கார முடிந்தால் அதிகம். முதல் நான்கு நாள் பிரஷைத் தொடவே இல்லை. தலையணையில் சாய்ந்தபடி சின்னக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை, மூக்குக்கண்ணாடி பதிந்த தடம், காதோரத்து நரை எல்லாம் வந்துகொண்டிருந்தன.

“நரைய வரையாதக்கா. நாலு பேரு பாக்க வேண்டாமா?”

“அசையாம இருட்டி. அன்னைக்கு அம்மாவத் தேடிட்டு ஒன்னயப் பாத்தேன். அதான் ரெண்டு பேரையும் விட்டுட்டேன். இப்ப ஒன்னயத்தான் பாக்குதேன்.”

அம்மாவையும் ஒருமுறை வரைந்துவிடேன் என்று நான் கேட்டேன். “அம்மா மொகம் எனக்கு மறந்து எத்தனையோ வருசம் ஆயிட்டுலே. நீங்க ரெண்டு பேரும் கேப்பியன்னு சொல்லாம இருந்தேன்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அன்று நன்றாகத் தூங்கினார்.

படம் முடிந்த ஒன்பதாம் நாள் காலையில் அக்கா காலமானார். ஐம்பது வயது நிறையவில்லை.

எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அழைத்த நேரமெல்லாம் திருநெல்வேலிக்கு வண்டி எடுத்த எதிர்வீட்டுத் தம்பி, வலி தாங்காத நாட்களில் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸம்மா, வாரம் தவறாமல் வந்து பார்த்த போர்டு கடை அண்ணாச்சி, ஈ காக்கா இல்லை என்று குறை சொன்னாலும் கடைசிவரை இளநீர் வாங்கிவந்த மேனேஜர், தள்ளாத வயதிலும் வாசுதேவநல்லூரிலிருந்து வந்து அக்கா தலைமாட்டில் இருந்த சித்தி, அடக்கத்துக்கு முன்நின்ற சொந்தங்கள், அத்தான் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று மட்டும். அக்கா உயிரோடு இருக்கும்போதே அந்தப் படத்தைப் புளியங்குடிக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வரச் சொன்னார். சட்டம் போட்டு, சின்னக்காவும் நானும் பஸ்ஸில் கொண்டுபோனோம். கூட்டம். சின்னக்கா படத்தை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“பாவம், சின்ன வயசுதான். எப்ப தவறிப்போனாவ?”

“தவறல ஆச்சி. இது நான்தான். எங்கக்கா வரைஞ்சா.”

ஆச்சி படத்தையும் சின்னக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் ஒரு அடி போட்டார். “ஆமாட்டி! அந்த நரைகூட அப்படியே இருக்கு” என்று சிரித்தார். முன்சீட்டில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் இருந்தபடியே அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அருகில் இருந்த சித்தி போனை அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தார்.

“நரைகூட அப்படியே இருக்குன்னா சொன்னாவ?”

“ஆமாக்கா.”

“இன்னொரு தடவ சொல்லுலே.”

சொன்னேன்.