அமீன் பாய்க்குக் கிடைக்காத பின்பாதி

செய்தி வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. பழைய காமிக்ஸ் கதைகளுக்கு வண்ணம் பூசி மறுபதிப்பு போடலாமா கூடாதா என்கிற அந்தச் சண்டைக்குக் குறைந்தது ஏழெட்டு வயதாவது இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியின் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சவரி அண்ணன் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "அமீன் பாய் போயிட்டார். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அதற்கு அடியிலும் இரண்டு பேர் வண்ணத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை கூடப் போட்டிருந்தார். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. மும்முரமாகச் சண்டை போடுகிறவர்கள் இடையில் என்ன வந்தது என்று பார்ப்பதில்லை. பாய் இருந்திருந்தால் அவரும் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் குறிப்பைப் படிக்கப்போகும் உங்களில் பலருக்கு அவர் குழுவில் வரும் ஒரு பெயர் மட்டும்தான். அதனால் சொல்லிவிடுகிறேன். நூருல் அமீன், ஐம்பத்தெட்டு வயது, புதுச்சேரி டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆறாத ஒரு கால் புண். வீட்டில் மனைவி, சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஷமீமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போய், தரையில் பரப்பிய பழைய புத்தகங்களைக் கிளறிவிட்டு, பின்னால் இருக்கும் டீக்கடையில் உட்காருவது எங்கள் வழக்கம். ஆட்கள் வருவார்கள், போவார்கள். பதினோரு வருடமாக மாறாமல் வந்தவர்கள் மூன்று பேர்: பாய், சவரி அண்ணன், குணா என்கிற நான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மூலக்குளத்தில் வீடு. மூன்று வருடமாக அப்பா படுத்த படுக்கை. ஆறு நாள் கம்பெனி, மிச்ச நேரமெல்லாம் அப்பா. ஞாயிறு காலை பத்து மணிக்கு அரியாங்குப்பத்திலிருந்து தங்கை வந்து அவரைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மணிக்கு நான் திரும்பிவிட வேண்டும். வாரத்தில் நான் மனிதனாக இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

அந்த மூன்று மணி நேரத்தில் அப்படி என்னதான் பேசினோம் என்று கேட்டால், உருப்படியாக ஒன்றும் இல்லை. யார் வீட்டில் மோட்டார் ரிப்பேர், எந்த மாத்திரைக்கு வாய் கசக்கிறது, எந்தக் கதாநாயகனுக்கு மீசை பொருந்தவில்லை. ஒரு தடவை மூவரும் சேர்ந்து ஏதோ பறக்கும் வீரர்கள் படத்துக்குப் போனோம். பாய் இடைவேளை வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினார். வெளியே வந்து சொன்னார்: "அவன் ஏன் பறக்குறான்னு சொல்றதுக்கே ஒன்றர மணி நேரம் எடுத்துக்கினானுங்க. நம்ம பொஸ்தகத்துல ரெண்டாவது கட்டத்துலயே பறந்துட்டு, மூணாவது கட்டத்துல வீட்டுக்கு வந்துடுவான்யா." அவர் நல்ல கதைகளைப் பற்றி அதிகம் பேச மாட்டார். "நல்லாருக்கு" என்று சொல்லி மூடி வைத்துவிடுவார். மோசமான கதை அகப்பட்டால் அதைத் திட்டித் தீர்ப்பார், அந்த மாதம் முழுக்க எங்களுக்குத் திருவிழா.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யாருக்குப் புதிதாக ஒரு பழைய இதழ் கிடைத்தாலும் தனியாகப் பிரித்துப் படிக்கக் கூடாது. டீக்கடைக்குக் கொண்டுவர வேண்டும். பாய் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியால் முதலில் மேஜையைத் துடைப்பார், பிறகு தன் விரல்களைத் துடைப்பார். பக்கம் திருப்பும் உரிமை அவருக்கு மட்டும். மூவரும் படித்து முடித்தால்தான் அடுத்த பக்கம். சவரி அண்ணன் ஆற அமரப் படிக்கிறவர். அவர் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் எங்கள் டீ ஆறிவிடும். நரைத்த தலைகள் மூன்று ஒட்டிக்கொண்டு பொம்மைப் புத்தகம் படிப்பதை வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சவரி அண்ணன் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாயை அவர் "முசே" என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் கூப்பிடுவார். பாரிஸில் இருக்கும் அவர் மகன் ஒருமுறை ஒரு பிரெஞ்சு காமிக்ஸ் அனுப்பியிருந்தான். நாங்கள் சிறு வயதில் தமிழில் படித்த ஒரு கதையின் மூலம் அது. சவரி அண்ணன் அதை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"முசே, இவ தங்கச்சி இல்ல. இவனோட காதலி. தமிழ்ல போட்டவங்க புள்ளைங்க படிக்குதுன்னு தங்கச்சியா மாத்திட்டாங்க."

பாய் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு அவ தங்கச்சிதாண்ணே. அவ செத்தப்ப நான் ரெண்டு நாள் சோறு துன்னல. நாப்பத்தஞ்சு வருசம் கழிச்சி வந்து ஒறவ மாத்தாதீங்க."

"பிரெஞ்சுல அப்படித்தான் இருக்குது முசே."

"பிரெஞ்சுக்காரனுக்கு என்னா தெரியும்?" என்றார் பாய். சவரி அண்ணன் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாங்களும் தங்கச்சி என்றே சொன்னோம்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பாயிடம் ஒரு பட்டியல் இருந்தது. கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில், தன்னிடம் இல்லாத இதழ்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கிடைக்கக் கிடைக்க அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. 'உப்பளத்தில் ஓர் உளவாளி'. பன்னிரண்டு வயதில் வாடகைக்கு எடுத்துப் பாதி படித்திருக்கிறார். கடைக்காரர் நேரம் முடிந்துவிட்டதென்று கையிலிருந்து வாங்கிவிட்டாராம். உளவாளி உப்பளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான், நான்கு பக்கமும் துப்பாக்கிகள். பின்பாதியில் என்ன ஆகியிருக்கும் என்று பாய் எங்களுக்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் மழை வந்து உப்பெல்லாம் கரைந்து காப்பாற்றும். இன்னொரு வாரம் வில்லனின் மனைவியே வழி காட்டி அனுப்புவாள்.

போன வருடம் அந்த இதழ் எனக்குக் கிடைத்தது. உழவர்கரையில் ஒரு வீட்டை இடிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தார்கள். அங்கிருந்து இறக்கிய பழைய புத்தகக் கட்டுக்குள் அது இருந்தது. எங்கள் சட்டப்படி பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அன்று பாய் நொண்டிக்கொண்டே வந்தார். உட்கார்ந்ததும் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். "முடியலய்யா குணா. வூட்ல திட்றாங்க. அந்த உப்பளம் மட்டும் ஒரு தபா கெடச்சிட்டா போதும். அப்பறம் நாயித்துக்கெழமன்னா இழுத்துப் போர்த்திக்கினு தூங்குவேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க."

என் கை பையின் ஜிப்பில் இருந்தது. புத்தகத்தை எடுக்காமல் கையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் மழை, புத்தகம் நனைந்துவிடும் என்று ஒரு சாக்கு. அதற்கடுத்த வாரம் அவருடைய பிறந்தநாள் வரட்டும் என்று இன்னொரு சாக்கு. பிறந்தநாளும் வந்து போனது. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அவர் வருவதை நிறுத்தினால் சவரி அண்ணனும் மெல்ல நிறுத்திவிடுவார். எனக்கு ஞாயிறும் திங்களைப் போல ஆகிவிடும். ஒரு நோயாளி மனிதர் நொண்டி நொண்டியாவது வந்து என் முன்னால் உட்கார வேண்டும் என்பதற்காக, அவர் ஆயுள் முழுக்கத் தேடியதை என் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். எழுதும்போதே கூசுகிறது.

கால் விரல் ஒன்றை எடுப்பதற்காக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புத்தகத்தை எடுத்துக்கொண்டே போனேன். கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "சும்மா படுத்துக்கினு யோசிச்சேன்யா. அந்த உளவாளி உப்பு மூட்டைக்குள்ள பூந்துக்கினு கப்பல் ஏறிட்டான். சுடுறவன் எந்த மூட்டையன்னு சுடுவான் சொல்லு?" முக்கால் மணி நேரம் அந்தக் கப்பலிலேயே இருந்தார். அத்தா மூன்று நாளில் இன்றைக்குத்தான் இவ்வளவு பேசுகிறார் என்றாள் ஷமீமா. அந்த நேரத்தில் புத்தகத்தை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவரிடம் கடைசி ஆசையைக் கொண்டு வந்து கொடுப்பதைப் போலவும் பட்டது. திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகு அவர் இரண்டு ஞாயிறு வந்தார். இரண்டு ஞாயிறும் நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள், சவரி அண்ணனையும் கூட்டிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். ஷமீமாவின் முன்னால் புத்தகத்தை வைத்து, இங்கே எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சவரி அண்ணனுக்கும் அது புதுச் செய்திதான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஷமீமா புத்தகத்தை உறையிலிருந்து வெளியே எடுத்தாள்.

"அத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தா உங்கள நல்லா ஏசியிருப்பாரு மாமா."

"ஆமாம்மா."

"படிக்கலாமா? எனக்கும் அந்தப் பின்பாதி தெரியணும்."

அவளே பக்கங்களைத் திருப்பினாள். பாயின் மனைவி உள்ளறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உப்பளம் வந்தது, நான்கு பக்கமும் துப்பாக்கிகள் வந்தன. அடுத்த பக்கத்தில் வில்லன் உப்புக் குவியலில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து செத்துப்போகிறான். தானாகவே. மற்றவர்கள் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிடுகிறார்கள். உளவாளி தலைமையகத்துக்கு ஒரு தந்தி அடிக்கிறான். முற்றும். மீதிப் பக்கங்களில் குறுக்கெழுத்துப் போட்டியும் இரும்புச் சத்து டானிக் விளம்பரமும்.

சவரி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கா?" என்றார்.

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே அவள் அம்மாவும் சிரித்தார். "இதவிட அவரு சொன்ன கதயெல்லாம் நல்லாருந்துச்சே" என்றவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஷமீமா எழுந்து அவரிடம் போனாள்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. பாய்க்கு வாழ்நாளில் இதைவிடப் பெரிய விருந்து கிடைத்திருக்காது. நாற்பத்தாறு வருடம் காத்திருந்தவனை இப்படி ஏமாற்றிய ஒரு கதையை அவர் சும்மா விட்டிருப்பாரா? வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பாரா? கால் விரல் போனாலும் கால் போனாலும் ஆட்டோ பிடித்து வந்து திட்டியிருப்பார். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் வராமல் போய்விடுவாரோ என்று ஒளித்து வைத்தேனோ, அதைக் கொடுத்திருந்தால் அவர் ஒரு ஞாயிறு கூட விட்டிருக்க மாட்டார். எனக்காக வைத்துக்கொண்டேன். என்னையே கெடுத்துக்கொண்டேன், அவரையும் கெடுத்தேன்.

புத்தகத்தை ஷமீமா வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வெச்சிக்கோங்க மாமா, எங்க வூட்ல இத யாரு திட்றது?" என்றாள். அவள் கோபத்தில் சொல்லவில்லை. நான் அதைக் கோபமென்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் நியாயம். அமீன் பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் புத்தகமும் அதன் மேல் அவர் பொழியாமல் போன வசவும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். சந்தைக்குப் போக வேண்டாம் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு போனேன். சவரி அண்ணன் டீக்கடையில் தனியாக இருந்தார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை மேஜையில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பாய் திட்டுவது போலத் திட்ட ஆரம்பித்தேன். வில்லன் வழுக்கி விழுந்ததைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னதோடு நிறுத்திவிட்டேன்.

சவரி அண்ணன் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"அப்படி இல்ல குணா," என்றார். "நேரா கதைக்குள்ள போவக் கூடாது. முசே மொதல்ல அட்டையத்தான் திட்டுவாரு."

புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.