பட்ட மரம் என்று எழுதிய பக்கம்

கதிர்காமநாதன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சிட்னிக்கு வந்து பதினைந்து வருடம் ஜன்னலில்லாத தொழிற்சாலைக் கூடமொன்றில் பெட்டி ஒட்டினார். அதை மூடிய பிறகு, 2012 தொடக்கத்தில், கூரைகளில் டிஷ் பூட்டப் போனார். ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கு விளையாட்டுச் சேனல் விற்கும் சின்னக் கம்பனி அது. முதலாளி மார்செலா, சிலி நாட்டுக்காரி.

வேலையில் மனிதர் படு சுத்தம். பக்க எண் போட்ட கொப்பி ஒன்று வைத்திருந்தார். எந்த வீடு, டிஷ் எந்தத் திசை, எதிரே என்ன தடை, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் ஏறும். "என்னைக் கட்டினதுக்கு உந்தக் கொப்பியைக் கட்டியிருக்கலாம் நீங்கள்," என்பாள் மனைவி விஜயா.

தம்பி நிரோஜன் படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு, தற்காலிக விசாவோடு வெளியே வந்திருந்தான். மெரிலேண்ட்ஸில் அண்ணன் வீட்டில்தான் இருந்தான். அவனையும் கம்பனியில் சேர்த்துவிட்டது கதிர்காமநாதன்தான். "என்ரை தம்பி. நான் பழக்கினால் பிழைக்காது," என்று மார்செலாவிடம் மார்தட்டியிருந்தார்.

சிட்னியின் யூலைக் குளிரில், ஃபெயார்பீல்டில் ரமிரோ என்ற உருகுவேக் கிழவர் வீட்டுக்கு இருவரும் போனார்கள். திங்கட்கிழமை காலையில் தன் ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், கிழவருக்கு வேறு ஆசையில்லை. டிஷ் பார்க்க வேண்டிய திசையில், பக்கத்து வீட்டு வளவில், ஒரு பெரிய மரம். ஒரு இலை இல்லை. தோல் உரிந்து தொங்கியது.

"செத்த மரம். சிக்னல் கிளைக்குள்ளாலை வருது, பிரச்சினையில்லை," என்றார் அண்ணன்.

"இல்லை அண்ணை, உது உயிர் மரம். வில்லாவுட் வேலிக்கு வெளியிலை இப்பிடி ஒண்டு நிண்டது. குளிருக்கை தோலுரிஞ்சு நிக்கும். பிறகு பாத்தால் வானமே தெரியாது. அங்காலைப் பக்கம் பூட்டுவம்."

"இருபது மீற்றர் வயரைத் திருப்பி இழுக்கவோ? நேற்று வந்திட்டு எனக்கு மரம் காட்டுறியோ? ஏணியைப் பிடி!"

தம்பி ஏணியைப் பிடித்தான்.

ஒக்டோபரில் ரமிரோவின் படம் கட்டம் கட்டமாக உடைந்தது; பிறகு கறுத்தது. மார்செலா இருவரையும் கூப்பிட்டாள். கிழவர் போனில் அழாக் குறையாம். பக்கத்து மரம் இலை விட்டு டிஷ்ஷை மறைக்கிறதாம்.

"யார் இந்த இடத்தைத் தெரிவு செய்தது?"

கதிர்காமநாதன் வாய் திறந்தபோது நிஜத்தைச் சொல்லத்தான் நினைத்தார். வந்தது வேறு. "தம்பி. அவன் புதுசு."

மார்செலா நிரோஜனைப் பார்த்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மேசையில் கிடந்த ஸ்குரூ பெட்டியைப் பார்த்தார்.

"யெஸ். நான்தான்," என்றான் நிரோஜன்.

அன்றோடு அவனுக்கு வேலை நின்றது.

வீட்டில் அவன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முகாமிலிருந்து வந்த புதிதில் இருந்தது போல, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கதிரையின் ஓரத்தில் இருந்தான். "அண்ணை, தேத்தண்ணி போடவோ?" என்று வழக்கம் போலக் கேட்டான். அந்தக் கேள்விதான் கதிர்காமநாதனைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார்.

"வேலையிலை என்ன பிழை விட்டவன்?" என்று விஜயா கேட்டாள்.

"என்னத்தையோ," என்றுவிட்டு எழுந்து போனார்.

மறுவாரம் ரமிரோ வீட்டு வேலையைத் திருத்த விவரம் எடுக்கக் கொப்பியை விரித்தார். நாற்பத்தோராம் பக்கம். அவருடைய குண்டு எழுத்து: 'தடை: பட்ட மரம் ஒன்று. கவனிக்கத் தேவையில்லை. தம்பி உயிர் மரம் என்றான். மறுத்தேன்.'

கிழித்துவிடலாம். ஆனால் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வரும். அந்த இடைவெளியை வேறு யார் பார்க்காவிட்டாலும் அவர் பார்ப்பார்.

அன்றே கொப்பியை மார்செலாவின் மேசையில் விரித்து வைத்தார்.

"இது என்ன? எனக்கு இந்த எழுத்துத் தெரியாதே," என்றாள்.

கொப்பியை நீட்டினால் போதும் என்று நினைத்து வந்தவர் திகைத்து நின்றார். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கடைசி வரியை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய்?"

"வெட்கம்," என்றார். "இப்ப அதைவிட வெட்கம்."

மார்செலா கொப்பியை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. இனிக் கூரையில் இடம் பார்ப்பது அவன். நீ ஏணியைப் பிடி."

வீட்டுக்கு வந்து, தம்பியிடம், விஜயாவின் முன்னால், குசினி வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னார். விஜயா அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வைக்கு அவரால் முகம் கொடுக்க முடியவில்லை.

"அதை விடுங்கோ அண்ணை. நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?" என்றான் நிரோஜன்.

மறுநாள் ரமிரோ வீட்டுக் கூரையின் மறுபக்கத்தில் டிஷ் ஏறியது. உள்ளே படம் வந்ததும் ரமிரோ ஓடிவந்து, கீழே நின்ற கதிர்காமநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கைகளை விடுவித்துக்கொண்டு கதிர்காமநாதன் மேலே கூரையில் நின்ற தம்பியைக் காட்டினார்.

"மை பிரதர்," என்றார். முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது அவர் குரல் ஊருக்கே கேட்கும். இன்றைக்கு ரமிரோ குனிந்து, "என்ன?" என்று கேட்க வேண்டியிருந்தது.