மானிட்டரில் வந்த குரல்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவேன். பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்படி ஒருத்தன் லேப்டாப்பை நம்பி மேடையேறிக் கீபோர்டு வாசிக்கிற பிழைப்புக்கு எப்படி வந்தான் என்று கேட்டால், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

தொண்ணூத்து மூணில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை. பெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தில் பரீட்சைக்கே போகவில்லை, அவ்வளவுதான். விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு மைக்செட் கடையில் ஒயர் சுற்றச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியத்தைத் தட்டித் தட்டிப் பழகி, அப்புறம் கீபோர்டுக்கு வந்தேன். அந்தக் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடினவள்தான் என் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு அவள், நான், ரிதம் பேடு வாசிக்கிற அவள் தம்பி, மூன்று பேருமாக ஒரு கச்சேரிக் குழு வைத்தோம். ரிசப்ஷன், தேர்த் திருவிழா, ஆடி மாசம் கூழ் ஊத்துகிற திருவிழா, எது வந்தாலும் போவோம். ஆண் குரல் பாட்டெல்லாம் மச்சான் பாடிவிடுவான்.

பல வருஷம் வாசித்த கீபோர்டு ஒருநாள் பாதிப் பாட்டில் ஊமையாகிவிட்டது. அதன் பிறகுதான், கீபோர்டில் அமுக்கினால் லேப்டாப்பிலிருந்து சத்தம் வருகிற ஏற்பாட்டுக்கு வந்தோம். அதில் ஹோஸ்ட் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கும். அதற்கென்று சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. காலியாகக் கிடக்கிற கல்யாண மண்டபம் மாதிரி. வயலினைக் கூட்டி வந்து ஒரு மூலையில் உட்கார வைக்கலாம், புல்லாங்குழலை இன்னொரு மூலையில். தம்புராவைப் பின்னால் ஓடவிடலாம். எதிரொலி, கனம், இனிப்பு என்று குரலுக்குச் சேர்க்கிற எஃபெக்ட்டுகளையும் அதில்தான் உட்கார வைக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். அவள் பிளஸ் டூ வரை படித்தவள். அவள் படித்துச் சொல்லச் சொல்ல நான் அமுக்குவேன்.

அதில் என்னைத் தூங்கவிடாதது பஃபர் என்கிற ஒரு எண். அதைக் குறைத்தால் சத்தம் கரகரவென்று உடையும். கூட்டினால் உடையாது, ஆனால் தாமதமாக வரும். விரல் அமுக்கிவிட்டுக் காத்திருக்கும், வயலின் அப்புறம்தான் பேசும். இந்தப் பக்கம் போனாலும் பயம், அந்தப் பக்கம் போனாலும் பயம். “மாமா, அந்த எண்ணைப் போட்டு நோண்டிக்கினு இருக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று மச்சான் கத்துவான். “உனக்கென்னடா, குச்சியால அடிச்சா சத்தம் வந்துடும்” என்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கழுத்தில் தைராய்டு வீக்கம் வந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்று முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன். உயிருக்குப் பயப்படாமல் குரலுக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாசம் பொறுத்துப் பேச்சும் திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டை என்று சொல்வோம், எண் கூடக்கூடக் குரல் மேலே போக வேண்டும். அவள் அஞ்சு கட்டையில் அலட்டிக்கொள்ளாமல் பாடினவள். இப்போது நாலு கட்டைக்கு இறக்கினாலும், மேல் ஸ்தாயிக்குப் போனதும் குரல் வழுக்கிவிடும். சுருதிக்குக் கொஞ்சம் கீழே, காற்று கலந்து, நடுங்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் ஒத்திகை பார்த்த முதல் நாள், சரணத்தில் அது நடந்தது. அவள் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

“இன்னும் கீழ இறக்கிப் பாடச் சொல்லலாமா?” என்று மச்சானைக் கேட்டேன்.

“ரெண்டு கட்டையிலயா? ஆம்பள பாடுறான்னு சிரிப்பானுங்க மாமா. வேற பொண்ணு யாரையாவது பார்க்கலாம்.” சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

“பாரு. பார்த்துட்டுச் சொல்லு, நான் போய் சேலை மடிச்சிக்கினு இருக்கேன்” என்றாள்.

வேறு பெண்ணைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. குரல் வழுக்கினால் பிடித்துத் தூக்கிச் சுருதியில் நிறுத்துகிற எஃபெக்ட் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கொண்டுவந்து ஹோஸ்டில் வைத்தேன். அவளிடம் ஒளிக்கவில்லை. ஒளிக்கவும் முடியாது, அதைப் படித்துச் சொன்னவளே அவள்தான். முதலில் அது அவள் பாட்டைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டியது. நம் பாட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்துதானே போக வேண்டும்? இது தாவித் தாவிப் போனது. அது பிடித்துத் தூக்குகிற வேகத்தைக் குறைத்து, மேல் ஸ்தாயியில் மட்டும் பிடிக்கும்படி செய்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்த பிறகு வெளியே வந்த குரலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த அதே குரல்.

ஆனால் அந்தக் குரலை அவள் காதில் போட்டால் அவளால் பாட முடியவில்லை. எஃபெக்ட் வேலை செய்ய நேரம் எடுக்கும், குரல் கண்ணிமைக்கிற நேரம் தாமதமாக வரும். “நான் பாடப் பாட யாரோ என் பின்னாடியே பாடிக்கினு வர்றாங்க, பேஜாரா இருக்குது” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வேறு வழியில்லாமல் மைக் லைனை இரண்டாகப் பிரித்தேன். ஊருக்குப் போகிற ஸ்பீக்கரில் திருத்தின குரல் வரும். பாடகர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள மேடையில் கால்மாட்டில் மானிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர் வைப்போம். அதில் மட்டும் அவள் சொந்தக் குரல், வந்தது வந்தபடி.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் கச்சேரி விழுப்புரத்தில் ஒரு ரிசப்ஷன். லேப்டாப் நின்றுவிடுமோ, எஃபெக்ட் விலகிவிடுமோ என்று பாட்டு முடியும்வரை என் முதுகு வேர்த்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வேனில் ஏறின பிறகு கேட்டாள்: “எதுக்குங்க கை தட்டினாங்க?”

“நல்லா இருந்துச்சு, தட்டினாங்க.”

“எனக்கு நல்லா இல்லியே. காலுக்குக் கீழ ஒடைஞ்சி ஒடைஞ்சி வந்துச்சு. வெளிய தெரியாம முகத்தை வெச்சிக்கினு நின்னேன்.”

மறுநாள் யாரோ செல்போனில் எடுத்ததை மச்சான் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். அவள் கடைசிவரை அசையாமல் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்லா பாடுறா” என்றாள். வேறு யாரையோ சொல்கிற மாதிரி.

அதன் பிறகு வீட்டில் அந்தக் குரலுக்கு ‘அவ’ என்றே பேர் ஆகிவிட்டது. கச்சேரிக்குக் கிளம்பும்போது, “லேப்டாப் எடுத்துக்கினீங்களா? அவ வரலன்னா நான் இன்னா பண்றது?” என்பாள். மச்சான் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. மேடையில் அவள் பாடும்போது ஊர் முழுக்க ஒன்றைக் கேட்கும், அவள் ஒருத்தி மட்டும் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். இதைச் செய்தது என் கை. எடுத்துவிட்டால் அவள் பாட முடியாது, எடுக்காவிட்டால் இப்படியே. எனக்குத் தெரிந்த பயங்களிலெல்லாம் பெரிய பயம் அது. இவள் ஒருநாள் பாட்டையே விட்டுவிடப் போகிறாள் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

அது கண்டமங்கலத்தில் ஒரு ரிசப்ஷனில் முடிவுக்கு வந்தது. பாதிக் கச்சேரியில் டீ குடிக்க நிறுத்தியிருந்தோம். மேடைக்குப் பின்னால் மணப்பெண் அறைக்குக் கை கழுவப் போனவள் திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

“இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?”

“கல்யாணப் பொண்ணு உள்ள பூ வெச்சிக்கினு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சிக்கிச்சு. அக்கா, வெளிய வந்து கேக்க முடியல, காது மட்டும் உங்ககிட்டதான் இருந்துச்சு, எனக்காக ஒரே ஒரு வரி பாடுங்கன்னு கேக்குது.”

“பாடினியா?”

“எப்படிப் பாடுவேன்? அதுக்குப் பிடிச்சது அவ பாடினது. தொண்டை கட்டிக்கிச்சுன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்.” டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். “ஆயிரம் பேர் முன்னாடி பாடுறேன், ஒரு பொண்ணு கேட்டா வாயைத் திறக்க முடியல. அதை எடுத்துடுங்க.”

“இப்பவா? பாதிக் கச்சேரியிலயா? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா.”

“வீட்டுக்குப் போனா நீங்க பயந்துக்கினே என்னையும் பயமுறுத்துவீங்க. இப்ப எடுங்க. ரெண்டரை கட்டைக்கு இறக்குங்க.”

மச்சான் ஓடி வந்தான். “அக்கா, வேணாம்க்கா. இது நம்ம சொந்தக்காரங்க கல்யாணமா? வெளியாளுங்க.”

“ஆம்பளை பாடுறான்னு சிரிப்பாங்கன்னு சொன்னியே, சிரிக்கட்டும். ஆம்பளை நீ பாடும்போதே சும்மாதானே இருக்காங்க.”

அவன் போய்ப் பேடு முன்னால் உட்கார்ந்தான். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். எஃபெக்ட் ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அமுக்கினால் அணைந்துவிடும். அமுக்க விரல் வரவில்லை. அவள் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அமுக்கினேன். எல்லா வாத்தியத்தையும் ஒரேயடியாக ரெண்டரை கட்டைக்கு இறக்குகிற இடத்தில் எண்ணை மாற்றினேன். இந்த வாத்தியங்களை வாசிக்கிறவர்கள் நிஜ ஆட்களாக இருந்திருந்தால் இப்படிச் சட்டென்று இறங்கியிருக்க மாட்டார்கள். இதுகள் இறங்கிவிட்டன என்றுதான் நினைத்தேன்.

ஆரம்பத்தில் புல்லாங்குழல் வர வேண்டிய பாட்டு அது. வாசித்தேன். நாலைந்து ஸ்வரம் நன்றாகவே வந்தது. அப்புறம் கீழே இறங்குகிற இடத்தில் குழல் நின்றுபோனது. விரல் அமுக்குகிறது, சத்தம் இல்லை. பஃபரா, ஒயரா, லேப்டாப்பா என்று கை கால் ஓடவில்லை. அப்புறம்தான் புரிந்தது. குழலுக்கு ஒரு கடைசி ஸ்வரம் உண்டு, சாஃப்ட்வேர் செய்தவர்கள் அதற்குக் கீழே எதையும் பதிவு செய்து வைத்திருக்க மாட்டார்கள். நான் அவளுக்காக இறக்கியதில் குழல் தன் எல்லையைத் தாண்டி விழுந்துவிட்டது. பின்னால் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குழல் முடியக் காத்திருக்காமல் பல்லவியை எடுத்துவிட்டாள்.

தாழ்ந்த குரல். ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. மேலே போகிற இடத்தில் நடுங்கியது, ஆனால் விழவில்லை. அந்தக் கட்டையில் விழ வேண்டிய உயரமே இல்லை. ஊருக்குப் போகிற ஸ்பீக்கரிலும் அதுதான், அவள் காலடியிலும் அதுதான். இரண்டும் ஒன்றாக வந்ததைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. நான் குழலை விட்டுவிட்டு வயலினைத் தொட்டேன். இரண்டாவது வரியில் மச்சானும் மெல்லச் சேர்ந்துகொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. ஆஹா என்று சொன்னவர்களும் இல்லை. பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போட்டோவுக்கு வரிசை நின்றது. நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்திலிருப்பவரிடம், “வேற பொண்ணு பாடுதா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தேன். உடனே, அடுத்த பாட்டுக்கு இன்னா ஆகுமோ என்றும் நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் கொஞ்சம் பேர் தட்டினார்கள். அவள் மைக்கை வைத்துவிட்டு நேராக மணமக்கள் நின்ற இடத்துக்குப் போனாள். போட்டோக்காரர் லைட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து என்னமோ செய்தாள். பேசுகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் தலையை மெல்ல ஆட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவள் பாடுகிறாள் என்று தெரிந்தது. ஒரு வரி இருக்கும். என்ன வரி என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகப் போனது என்று சொன்னால் பொய். அஞ்சு கட்டைப் பாட்டைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். சில இடத்தில் வேறு குழுவைப் பிடித்துக்கொண்டார்கள். உயரமான பாட்டுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனோம். அந்தப் பெண்ணுக்கு எந்த எஃபெக்ட்டை எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்கிறவள் இவள்தான், காது அவ்வளவு கூர்மை. கச்சேரிக்கு நாலைந்து பாட்டு, அவளுக்கேற்ற கட்டையில், அவளே பாடினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் குழல் எதுவரை இறங்கும் என்று நான் வீட்டிலேயே பார்த்து வைத்துவிடுவேன்.

பழைய குரலைக் கேட்டவர்கள் அங்கங்கே இருந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு தேர்த் திருவிழாவில், பாட்டு முடிந்து கீழே இறங்கினதும் ஒருத்தர் வழி மறித்து, “இன்னாம்மா, குரல் இப்படி ஆயிடுச்சு?” என்று கேட்டார். நான் எப்போதும்போல முந்திக்கொண்டு, பனி, சளி, அலைச்சல் என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“ஆபரேஷன் ஆச்சுங்க. மாறிடுச்சு. இனிமே இதுதான்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பவும் மேடையேறினாள். அவளுக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருந்தது.