பக்கம் பிரித்தவர்

சேலத்தில் நான் பொருளாதாரம் கற்பித்த கல்லூரியில், ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை உருப்படியா என்று தீர்மானிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தக் காலத்தில் அவை ஓரம் வெட்டாமல், பக்கங்கள் ஒட்டியபடியே வரும். படிக்கிறவன் கத்தியால் பிரிக்க வேண்டும். வருஷக் கடைசியில் பிரிக்காமல் கிடந்தால் சந்தாவை நிறுத்திவிடுவோம். அருமையான பத்திரிகை என்று வாத்தியார்கள் எத்தனை புளுகினாலும் எடுபடாது.

விவசாயப் பொருளாதாரப் பத்திரிகையைப் படித்தவர் என் சகா ஒருவர்தான். எருமப்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சோளம், கடலை பற்றி விசாரித்து எழுதுவார். மூக்குப்பொடிப் பிரியர். காலராவில் போய்விட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அதன் பிறகு வந்த இதழ்களை நிறுத்தலாமா என்று பார்க்க அலமாரியைத் திறந்தேன். எல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன, அவர் பிரிப்பதைப்போலவே நேர்த்தியாக. மடிப்புகளில் மூக்குப்பொடி. பேயாவது பிசாசாவது என்று வகுப்பில் வாய்கிழியப் பேசுகிற எனக்கு முதுகு சில்லிட்டது.

நூலகப் பியூனைக் கேட்டேன். "யாரும் வரலீங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு நாள் உச்சிவெயிலில், எல்லோரும் வகுப்பில் இருந்த நேரம், நூலகத்துக்குப் போனேன். உள்ளே காகிதம் அறுபடும் சத்தம். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முதுகில் அவருடைய கோட்டு தொங்கியது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

நாற்காலியில் இருந்தது அவர் மனைவி, வெள்ளைப் புடவையில். கையில் அவருடைய கத்தி. கோட்டுப் பையில் பொடியோடு கிடந்த கத்தி.

"பியூனை வையாதீங்க. நாந்தான் கெஞ்சுனேன். சாகறதுக்கு முந்தி இந்தப் பத்திரிகைக்கு ஒண்ணு எழுதி அனுப்பிச்சாருங்க. போடறோம்னு பதிலும் வந்துச்சு. எனக்கு இங்கிலீசு தெரியாது, அவரு பேரு மட்டும் தெரியும். அது வர்ற வரைக்கும் நிறுத்திப்போடாதீங்க சாமி."

சந்தாக்களை முடிவுசெய்யும் கூட்டத்தில் இதழ்களை மேசைமேல் போட்டு, படிக்க ஆளிருக்கிறது என்றேன். யாரென்று எவரும் கேட்கவில்லை. சந்தா நீடித்தது.

பங்குனியில் வந்த இதழில் கட்டுரை இருந்தது. அந்த அம்மாவே பிரித்து, பெயரைக் கண்டுபிடித்து என்னிடம் நீட்டினார்.

"கடைசியில என்ன எழுதியிருக்காருங்க?"

தமிழில் சொன்னேன்: "விட்டுப்போனதை விசாரிக்க, வருகிற சித்திரையில் மறுபடி வருவேன்."

இப்படிப்பட்ட கட்டுரைகள் எல்லாமே இப்படித்தான் முடியும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த அம்மா அழவில்லை. கோட்டை எடுத்துப் பொடியை உதறினார்.

"வாரேன்னு எழுதியிருக்காரு. இதத் தொவைச்சு வெக்கோணுங்க."