ஆல்ரெடி, ஸ்டில், அப்புறம் அந்த அகோ

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுத்து வயிற்றைக் கழுவுகிற என் சகோதர சகோதரிகளே, பெரிய பெரிய வார்த்தையெல்லாம் நம்மை ஒன்றும் செய்யாது. நேரத்தைச் சொல்கிற பொடி வார்த்தைகள்தான் உயிரை வாங்கும்.

ஆல்ரெடி

நெல்லித்தோப்பில் என் வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. அன்றைய வார்த்தையை வைத்து, வீட்டில் நிஜமாக நடக்கிற ஒன்றைச் சொல்லி, காலையில் எனக்கு வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும். கதை விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கலைச்செல்வி, சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங்கில் நின்று நின்று கால் வீங்கிப்போனவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை, வீட்டில் தனி ஆள். இங்கிலீஷ் இன்டர்வியூவில் தேறினால் சூப்பர்வைசர். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

"ஐ ஹேவ் ஆல்ரெடி குக்ட் ரைஸ்" என்று அனுப்பினாள். சுத்தமான வாக்கியம். ஆனால் பின்னால் ஓர் ஆம்பிளை இருமினான். விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

"யாரும் இல்லியே மிஸ். டிவி கூட ரிப்பேரா கெடக்குது."

ஸ்டில்

மறுநாள் வந்தது: "ஹீ இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்." பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. வகுப்பில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தூங்குறது யாரும்மா என்றேன்.

"நீங்கதான மிஸ், நெஜத்தத்தான் சொல்லணும்னீங்க?"

அகோ

இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆச்சு என்பதற்கு, "மை ஹஸ்பண்ட் டைட் டூ இயர்ஸ் அகோ." இந்த ஒரு வரிதான் அவளுக்கு வரவே இல்லை. 'மை ஹஸ்பண்ட்' வரை வந்து வாயை மூடிக்கொள்வாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதில் தடுமாறினால் வேலை அவ்வளவுதான், வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகு என்று திட்டி அனுப்பினேன்.

இன்டர்வியூ அன்று காலை வாய்ஸ் நோட் வந்தது. தங்குதடையில்லாமல் முழுசாகச் சொல்லியிருந்தாள். சபாஷ் என்று வாயெடுத்தேன், நோட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த குரலில் ஓர் ஆம்பிளை மெதுவாக, "எப்ப?" என்று கேட்டான்.

அந்த நோட்டை நான் மறுபடி போட்டுக் கேட்கவில்லை. சாயங்காலம் அவளே போன் பண்ணினாள். வாழ்த்துச் சொல்லத் தொடங்கினேன், அவள் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"வேலை கெடச்சுடுச்சு மிஸ். வீடுதான் சத்தமே இல்லாம கெடக்குது."

இப்போதெல்லாம் 'அகோ'வுக்கு மட்டும் நான் வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை, அதை வகுப்பிலேயே, என் கண்ணெதிரே சொல்லி முடித்துவிட்டுப் போகட்டும்.