துணைக்கு ஊதியவர்

என் கணவர் ஓரெஸ்ட் ஸ்டாட்னிக் சிகரெட் பிடிக்கிறவர் இல்லை. பதினான்கு வயதில் சர்ச் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட்டில் பாதியை இழுத்தார், பிறகு சாயங்காலம்வரை வாந்தி எடுத்தார், அத்தோடு சரி. அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது தாண்டிய பிறகு வேப் என்கிற, பேனா மாதிரி இருக்கும் மின் சிகரெட்டை ஊத ஆரம்பித்தார். போன நவம்பரில் அவர் இறந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். மூளையில் ஒரு ரத்தக் குழாய் பிறவியிலேயே மெலிசாக இருந்ததாம். அதை இங்கேயே சொல்லி முடித்துவிட்டால் மீதியைக் கொஞ்சம் சிரித்தபடி சொல்லலாம். அவரைப் பற்றி வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

கனடாவின் மனிடோபாவில், ஏரியை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். யாராவது கஷ்டப்பட்டால் அவருக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. கூடவே இறங்கிக் கஷ்டப்படத்தான் தெரியும். நான் கர்ப்பமாக இருந்தபோது காலையில் எனக்குக் குமட்டினால் அவரும் டோஸ்டைத் தள்ளி வைத்துவிடுவார். எங்கள் நண்பர் டெல்மாரின் நாய்க்கு ஆபரேஷன் ஆனபோது, தையலை நக்காமலிருக்க அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டினார்கள். வெட்கத்தில் நாய் சாப்பிட மறுத்தது. ஓரெஸ்ட் எங்கள் வீட்டு மேசை விளக்கின் மூடியைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதன் எதிரே தரையில் உட்கார்ந்து, வெங்காயம் வதக்கிப் போட்ட பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டார். நாயும் சாப்பிட்டது. விளக்கு மூடியில் இன்னும் வெங்காய வாசனை.

டெல்மார் ஃப்ரீசன் பள்ளி நாள் முதல் புகைத்தவர். அவருடைய நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தாராம். நிகோடின் பட்டையைத் தோலில் ஒட்டிப் பார்த்தார், நிகோடின் சூயிங்கம் மென்று பார்த்தார், எதுவும் பலிக்கவில்லை. சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் இவெட், கடைசி முயற்சியாக வேப்புக்கு மாறி, அதையும் படிப்படியாகக் குறைத்து விட்டுவிடும்படி சொன்னாள். ஐஸ்மேல் கனத்த கல்லை வழுக்கிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்து வட்டத்துக்குள் நிறுத்தும் விளையாட்டு கர்லிங்; எங்கள் அணியில் நாலு பேர். டெல்மார் தலைவர், அடுத்து இவெட், ஓரெஸ்ட், நான். ஆகவே இந்தப் பேச்சு கர்லிங் கிளப்பில்தான் நடந்தது.

"இந்த வயசுல கலர் பேனாவ வாயில வெச்சு ஊதிட்டு நிக்கணுமா? ஊரே சிரிக்கும்," என்றார் டெல்மார்.

"ரெண்டு பேரா நின்னா சிரிக்க மாட்டாங்க," என்றார் ஓரெஸ்ட்.

"எந்த ரெண்டு பேர்?"

"நீயும் நானும்தான்டா."

இவெட் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஓரெஸ்ட், டெல்மார் கிணத்துக்குள்ள கிடக்கறான். அவன் வெளிய ஏறி வர நான் ஏணி குடுக்கறேன். நீ தரையிலதான நிக்கற? உனக்கு எதுக்கு ஏணி?"

"அவனுக்குக் கை குடுக்க ரெண்டு படி இறங்கறேன். அவ்வளவுதான்."

கடையில் விற்றவன் நிகோடின் இல்லாததும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். ஹோட்டலில் ஆர்டர் கொடுப்பதுபோல் ஓரெஸ்ட், "இவனுக்கு என்னவோ அதே எனக்கும்" என்றாராம். ஒரே ஒரு விஷயத்தில்தான் தன் இஷ்டப்படி தேர்ந்தெடுத்தார்: மாம்பழ வாசனை.

டெல்மார் அந்த வசந்தத்திலேயே சிகரெட்டை விட்டார். கோடை முடிவதற்குள் வேப்பையும் விட்டார். படி ஏறினால் இருமுவது நின்றது. ஓரெஸ்டும் கூடவே விட்டுவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். கிளப்பில் கேக் வெட்டினோம். ஓரெஸ்ட்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். தட்டி முடித்து, "வண்டியில ஒண்ண மறந்துட்டேன்" என்று வெளியே போனார். அன்று மாலை முழுவதும் வண்டியில் எதையாவது மறந்துகொண்டே இருந்தார்.

குளிர்காலம் வந்ததும் அவருக்கு வசதியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஜனவரியில் வெளியே நிற்கும் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஆவி வரும், நாய் வாயிலிருந்தும் வரும். இவர் ஊதினால் யாருக்குத் தெரியப் போகிறது? பேருந்து ஓட்டும்போது மட்டும் அதைத் தொடமாட்டார். குழந்தைகளை இறக்கிவிட்டதும் பனி வாரும் மண்வெட்டியோடு முற்றத்துக்குப் போய்விடுவார். அந்த வருஷம் எங்கள் நடைபாதை அளவுக்குச் சுத்தமான நடைபாதை தெருவில் கிடையாது. பனி பெய்யாத நாளிலும் வாரினார். மற்றவர்கள் ஆவியைவிட இவருடைய ஆவி தடிமனாக இருக்கிறதோ என்று ஜன்னல் வழியாக எனக்குச் சந்தேகம் வந்தது. பெரிய உடம்பு, பெரிய மூச்சு என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காரேஜுக்குள் போனேன். வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது, உள்ளே மாம்பழத் தோப்பு மாதிரி மணக்கிறது.

"ஓரெஸ்ட், இங்க மாம்பழம் எங்கிருந்து வந்துச்சு?"

"கார் ஷாம்பூ."

"காரக் கழுவி நாலு மாசம் ஆச்சு."

"நல்ல ஷாம்பூ, ஐரிஸ்."

உடனே அவரே சிரித்துவிட்டார். சிரித்ததும் இருமினார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. டெல்மாரிடம் இருந்த இருமல் வீடு மாறி வந்ததுபோல் இருந்தது. அதன் பிறகு கவனித்தேன். கிளப்பில் ஒரு முறை கல்லுக்கு முன்னால் ஓடித் தேய்த்துவிட்டு வந்தால் துடைப்பத்தின்மேல் சாய்ந்து நிற்பார். காலையில் எழுந்ததும் கை கோட்டுப் பையைத் தேடும். பை காலியாக இருந்தால் நல்ல மனிதர் டெல்மாரின் நாய்மேல்கூட எரிந்து விழுவார். சிகரெட்டே பிடிக்காத ஆளுக்குச் சிகரெட்காரனின் எல்லாத் தொல்லையும் வந்திருந்தது, சிகரெட் ஒன்றைத் தவிர. எனக்கு அவருடைய பழைய மூச்சு திரும்ப வேண்டும். அதற்காகச் சண்டை போட்டேன், அழுதேன். கடைசியில் ஒரு மாலை அவர் வந்து என் முன்னால் நின்றார்.

"ஏரியில போட்டுட்டேன்."

"ஏரி உறைஞ்சு கிடக்கு. மேல லாரி போகுது."

"ஐஸ் மேல போட்டேன். வசந்தத்துல தானா மூழ்கிடும்."

நான் சிரித்துத் தொலைத்தேன். சிரித்ததால் நம்பிவிட்டேன். மறுநாளே ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவதாகத் தூண்டிலோடு கிளம்பினார். ஒரு மீனும் இல்லாமல், முகம் நிறையத் திருப்தியோடு திரும்பி வந்தார். எதை எடுக்கப் போனார் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்கலாம்.

பிப்ரவரியில் கர்லிங் போட்டி. பரிசு ஒரு நெளிந்த கோப்பையும் ஆளுக்கொரு உறைந்த வான்கோழியும். டெல்மார் பள்ளி நாளிலிருந்து அந்தக் கோப்பைக்காக விளையாடுகிறார், ஒரு முறையும் கைக்கு வந்ததில்லை. அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். அதன் தலைவர் ஐனார், தாடி வைத்த, நிதானமான மனிதர்.

கர்லிங்கில் எங்களுக்கு நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லின்மேல் துடைப்பமோ காலோ பையிலிருந்து விழுந்த கையுறையோ பட்டால், பட்டவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், யாரும் பார்க்காவிட்டாலும். என் மாமனார் காலத்தில் ஒருவர் சொல்லாமல் விட்டாராம். அவருடைய பேரனை இன்றைக்கும் ஊரில் "அந்த ஆளோட பேரன்" என்றுதான் சொல்வார்கள். பேரன் பாவம், கர்லிங் ஆடுவதேயில்லை.

ஆட்டம் சமமாக வந்து நின்றது. கடைசிக் கல் டெல்மாருடையது. அது வட்டத்தின் நடுவில் போய் நின்றால் கோப்பை எங்களுக்கு, இல்லாவிட்டால் வட்டத்தில் ஏற்கெனவே நிற்கும் கல்லால் அவர்களுக்கு. அந்தக் கோடியில் இவெட் துடைப்பத்தை நட்டுக் குறி காட்டினாள். டெல்மார் குனிந்து, வழுக்கி, கல்லை விட்டார். அதன் இரண்டு பக்கமும் ஓரெஸ்டும் நானும் துடைப்பத்தோடு ஓடினோம்.

"தேய்! தேய்! விடாத, தேய்!" என்று இவெட் கத்தினாள். ஓரெஸ்டின் மூச்சு வாங்குவது ஐஸ்மேல் கல் ஓடும் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. நான் தலையே தூக்கவில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஏதோ லேசாக 'டிக்' என்றது. கல் போய் வட்டத்தின் நடுவில், வரைந்து வைத்த மாதிரி நின்றது.

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரிக் கூச்சல். டெல்மார் துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஐஸில் முட்டி போட்டார். இவெட் என்னைக் கட்டிக்கொண்டாள். ஓரெஸ்ட் மட்டும் அசையாமல் நின்றார். பேருந்தில் ஒரு குழந்தையைக் குறைவாக ஏற்றி வந்துவிட்டவர் முகம்.

"தொட்டுட்டேன்," என்றார்.

கூச்சல் அடங்கச் சற்று நேரமானது. டெல்மார் முட்டி போட்டபடியே நகர்ந்து வந்தார். "என்ன சொன்ன?"

"கல்லத் தொட்டுட்டேன்."

"துடைப்பமா?"

"துடைப்பம் இல்ல."

"காலா?"

"கால் இல்ல."

"யாருமே பாக்கலையேடா! கையா?"

"இல்ல."

"அப்ப என்னதான்டா பட்டுச்சு? உன் ஆவியா?"

"கிட்டத்தட்ட," என்று சொல்லி ஓரெஸ்ட் ஐஸைச் சுற்றியிருந்த பலகையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கலர் பேனா கிடந்தது.

ஐனார் நடந்து போய் அதை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். "மாம்பழமா?"

"ஆமா."

ஐனார் என்னைப் பார்த்தார். நான் ஓரெஸ்டைப் பார்த்தேன். ஓரெஸ்ட் கல்லைப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் கோப்பையும் கிடைத்திருக்கும், பொய்யும் பிழைத்திருக்கும். இரண்டையும் அவரே கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டார்.

அந்த இடத்தில் பட்ட கல்லை விட்டுவைப்பதா எடுப்பதா என்பது எதிரணித் தலைவர் இஷ்டம். ஐனார் தாடியைத் தடவினார்.

"வீட்டுக்காரிக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சது. இல்லையா?"

"ஆமா."

"எனக்கும் வீட்ல ஒண்ணு இருக்கு. என்னன்னு சொல்ல மாட்டேன். உன் கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது."

டெல்மார் முகம் மலர்ந்தது. "அப்ப கல்லு இருக்கட்டுமா?"

"இல்ல, தூக்கு," என்றார் ஐனார்.

வழக்கம்போல் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர்களுடைய வான்கோழிகள் நடுவில் வரிசையாக இருந்தன. டெல்மார் தன் பீரையே முறைத்துக்கொண்டிருந்தார். கோப்பைக்காகத்தான் கோபம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பாதி பீர் இறங்கியதும் மேசையைத் தட்டினார்.

"நான் விட்டு ஆறு மாசம் ஆச்சு. நீ இன்னும் யாருக்குடா துணை?"

ஓரெஸ்டின் காதுகள் சிவந்தன.

"நான் விட்ட அன்னைக்கே நீயும் விட்டுட்டன்னு நெனச்சேன்டா, மடையா," என்று டெல்மார் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். ஐனார் அவர் பக்கம் இன்னொரு பீரைத் தள்ளினார்.

காரில் ஏறியதும் நான் கையை நீட்டினேன். அவர் தலையைக் குனிந்தபடி அந்தப் பேனாவை என் உள்ளங்கையில் வைத்தார். நான் வெளியே எறிவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் அதை வாயருகே கொண்டுபோனேன்.

"என்ன பண்ற?" என்று பதறினார்.

"உன்னால விட முடியல. தனியா எதுக்குக் கஷ்டப்படணும்? நானும் துணைக்கு வர்றேன்."

"பைத்தியமா உனக்கு? கீழ வை! உனக்கு எதுக்கு இந்தக் கருமம்? நீ சிகரெட்டே குடிச்சதில்லையே!"

"நீ?"

கார் கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. "அந்தப் பாதி சிகரெட்டக் கணக்குல எடுக்க மாட்டியா?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

மறுநாளே சுகாதார நிலையத்தில் இவெட் நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். புகைப் பழக்கத்தை விட வந்தவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். ஒருநாளைக்கு எத்தனை சிகரெட் என்பது முதல் கேள்வி.

"இதுவரைக்கும் மொத்தமாவே அரை," என்றார் இவர்.

பக்கத்தில் இருந்த கிழவர் தன் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு, "அரைப் பெட்டியா?" என்று கேட்டார்.

"அரை சிகரெட். வாந்தி எடுத்துட்டேன்."

"பின்ன இங்க எதுக்குய்யா வந்த?"

ஓரெஸ்ட் முழுக்கதையும் சொன்னார், நாய், விளக்கு மூடி உட்பட. சிரித்துச் சிரித்து அந்தக் கிழவருக்கு இருமல் வந்துவிட, இவெட் தண்ணீர் கொடுத்தாள். விடுவது சுலபமாக இல்லை. சூயிங்கம் மென்றார், என்மேல் எரிந்து விழுந்தார், மன்னிப்புக் கேட்டார், இல்லாத பனியை வாரினார். ஐஸ் உருகி ஏரி தெரிந்தபோது விட்டிருந்தார். அடுத்த குளிர்காலத்தில் கல்லுக்கு முன்னால் ஓடி வந்து நின்று, மூச்சு வாங்காமல் என்னைக் கேலி செய்தார். அந்த மூச்சோடு இன்னும் சில குளிர்காலங்கள் எனக்குக் கிடைத்தன.

அடக்கம் முடிந்த அன்று சர்ச் ஹாலில் எல்லாரும் பெரோகி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து பின்வாசலில் நின்றேன். டெல்மார் அங்கே இருந்தார். கோட்டுப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐரிஸ், ஒண்ணே ஒண்ணு பத்த வெச்சாத் தேவலாம் போல இருக்கு. கடை பக்கத்துலதான்."

தடுக்க எனக்குத் தெம்பில்லை. "சரி, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடி பனியில் நடந்து போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு குச்சி ஐஸ்கிரீம். வெளியே எச்சில் துப்பினால் உறைந்துவிடும் குளிர். இருவரும் கையுறையோடு அதைப் பிடித்துக்கொண்டு, பல் கூசக் கூச, ருசியே தெரியாமல் தின்றோம்.

"எது குடுத்தாங்க? வெனிலாவா?"

"வெனிலா," என்றார் டெல்மார். "மாம்பழமும் இருந்துச்சு. வேணும்னேதான் வாங்கல."