எரிகிறது என்று சொன்னேன்

கண் தெரியாத ஒரு முதியவரிடம், நூந்து அணைந்துபோன மெழுகுதிரிகள் எரிகின்றன என்று சொல்லிவிட்டுப் படம் பார்க்கப் போனேன். அவற்றை நூர்த்து அணைத்தவனும் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சூரிச்சில், ஓர்லிகோனில், இன்னும் இருவரோடு ஒரே அறையில் இருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன், இங்கே பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். மாலையில் ட்ராம் பிடித்துப் போய் ஒரு யூத முதியவருக்குத் துணையாக இருந்தேன். மனைவி இறந்தபின் அவர் தனியே வாழ்ந்தார். மகள் ஜெனீவாவில்.

போன கொஞ்ச நாளிலேயே, "இனி நாங்கள் ஒருவரையொருவர் நீ என்று கூப்பிடுவோம்" என்று கை நீட்டினார். ஜெர்மன் பேசுகிறவர்களிடம் அது ஒரு சடங்கு மாதிரி. 'ஸீ' என்றால் நீங்கள். 'டூ' என்றால் நீ. கைகொடுத்து டூ சொன்னபின் இருவரும் நண்பர்கள். என் தகப்பனுக்கு மூத்தவரை நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு சொல்லும் வராதபடி வசனங்களை வளைத்துச் சமாளித்தேன்.

டிசம்பரில் அவர்களுடைய ஹனுக்கா வந்தது. எட்டு நாள் பண்டிகை. ஒவ்வொரு மாலையும் ஒரு மெழுகுதிரி கூடும். மற்றவற்றை ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு திரியும் உண்டு. பிரார்த்தனையைப் பாடிவிட்டு அவரே ஏற்றுவார். மணிக்கட்டைப் பிடித்துத் திரிக்கு அருகே கொண்டுபோவது மட்டும் என் வேலை. அந்த வெளிச்சத்தில் வாசிக்கக்கூடாது, வேலை எதுவும் செய்யக்கூடாது, அது பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டுமே என்று சொன்னார். பிறகு மேசைக்கு எதிரே கதிரையில் இருந்துகொண்டு, இடைக்கிடை, "எரிகிறதா?" என்று கேட்பார். நான் எரிகிறது என்பேன். தலையசைப்பார். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

நெருப்பு எரியும்போது அப்பாவைத் தனியே விட்டுப் போகவேண்டாம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அறைக்கு வாடகை வீடியோ டெக் வருகிறது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்த அறை நண்பர், எங்களுக்கெல்லாம் அண்ணை, காலையிலேயே சீண்டினார்: "என்ன தம்பி, கிழவரின்ரை மெழுகுதிரிக்குக் காவலோ? உனக்காகப் படத்தை நிப்பாட்டி வைக்கேலாது, சொல்லிப்போட்டன்."

அன்று திரிகளை ஏற்றியபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதியவர் உணர்ந்துவிட்டார். போக இடமிருந்தால் நீ போ, நான் இருந்துகொள்வேன் என்றார். மகளின் சொல் தடுத்தது. அவர் எழுந்து கழிவறைக்குப் போன நேரத்தில் அதற்கும் வழி கண்டுபிடித்தேன்: நெருப்பே எரியாவிட்டால் போகலாம்தானே.

வாயால் ஊதவில்லை. விளக்கை ஊதி நூர்ப்பது பாவம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விரலை நனைத்து ஒவ்வொரு சுடராகக் கிள்ளி நூர்த்தேன். அவருடைய பண்டிகையைக் கெடுத்த கையால் எங்கள் ஆசாரத்தைக் காப்பாற்றினேன். அப்போது அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

திரும்பி வந்தவர், புகை மணக்கிறதே என்றார். ஏற்றும் திரி மட்டும் நூந்துவிட்டது என்றேன்.

"மற்றவை?"

"எரிகின்றன."

கதிரையில் அமர்ந்து, மேசைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மெல்லப் பாடத் தொடங்கினார். கதவைச் சாத்திவிட்டு ட்ராமுக்கு ஓடினேன்.

மறுநாள் போனபோது மெழுகுதிரிகளைச் செருகும் விளக்குத் தண்டு அவர் முன்னால் இருந்தது. பாதிகூட எரியாத மெழுகுதிரிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஜன்னலால் காற்று வந்திருக்கிறது என்றார். இருட்டுக்கு முன்னால் இருந்து பாடியிருக்கிறேன், மடக் கிழவன் என்று தன்னையே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாக்குச் சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் போதாது. அதனால் நடந்தது நடந்தபடியே வந்தது. நேற்றைய ஐந்தையும் இன்றைக்குத் திரும்ப ஏற்றலாம், முடியும்வரை இருக்கிறேன் என்று கெஞ்சினேன்.

சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"தேவையில்லை. முறைப்படி ஏற்றினால் கடமை முடிந்தது. பிறகு நூந்தாலும் திரும்ப ஏற்றவேண்டியதில்லை. எங்கள் சட்டம் அப்படி. மெழுகுதிரிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

ஸீ என்றார். நீங்கள்.

அறைக்கு வந்து அண்ணையிடம் பெருமையாகச் சொன்னேன்: மனிதர் மன்னித்தது மட்டுமல்ல, இப்போது மரியாதை கொடுத்துக் கதைக்கிறார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விசரா, அது மரியாதை இல்லையடா. நீ எண்டு கதைச்ச மனிசன் திரும்பி நீங்கள் எண்டால், உன்னை வெளியிலை விட்டுக் கதவைச் சாத்திப்போட்டார் எண்டு அர்த்தம்."

மிச்ச நாட்களில் கடைசிச் சுடர் நூரும்வரை இருந்தேன். எரிகிறதா என்று ஒரு தரமும் அவர் என்னிடம் கேட்கவில்லை. கதிரையிலிருந்து எழுந்து, மேசை விளிம்பைத் தடவி வந்து, உள்ளங்கையை ஒவ்வொரு சுடருக்கும் மேலே பிடித்துப் பார்த்தார். எரிகிறது, எல்லாம் எரிகிறது என்று நான் சொன்னபோதும் கை நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசி நாள், எட்டும் நெருக்கமாய் எரிந்தபோது, விரலைச் சுட்டுக்கொண்டார். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மருந்து பூசினேன். கையைத் தந்தார். பூசி முடித்ததும் நன்றி சொன்னார். பிறகு மற்றக் கையை நீட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.